நூலகர்கள் கேட்டுப் பழக வேண்டும்

நூலகத்துக்கு வருவோர் கேட்கும் கேள்விகளுள் எளிமையாகத் தோன்றினாலும் விடை கூறக் கடினமானது ஒன்று உண்டு. 'படிப்பதற்கு நல்ல புத்தகமாக ஒன்று சொல்லுங்கள்' என்பதே அது. ஒரு நூலின் பெயரைக் குறிப்பிட்டு, அது இருக்கிறதா என்று கேட்டால் பட்டியலைப் பார்த்துச் சொல்லிவிடலாம். தமக்கு எது வேண்டும் என்று கேட்பவருக்கே தெளிவாகத் தெரியாத நிலையில் பட்டியல் உதவாது. அவருடன் சற்று நேரம் பேச வேண்டும். அப்படிப் பேசுவதற்கு நம் நூலகர்கள் எங்கே பயிற்சி பெறுகிறார்கள்?

பல ஆண்டுகள் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இந்தக் கேள்வியை நான் அந்தத் துறையின் வழியாகவே பார்க்கிறேன். பொருள்களுள் சிலவற்றின் தரத்தை வாங்கும் முன்பே ஆராய்ந்து அறியலாம். வேறு சிலவற்றின் தரம் நுகர்ந்த பின்னரே தெரியும் என்று 1970-இல் பிலிப் நெல்சன் வகைப்படுத்தினார். புத்தகம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பொது நூலகத்தில் அதற்கு விலை இல்லை. ஆனால், அதைப் படிக்கும் நேரத்துக்கு விலை உண்டு. பொருத்தமில்லாத நாவலுடன் ஒரு வாரத்தைக் கழித்தவருக்கு அந்த வாரம் திரும்பி வராது. தகவலைத் தேடுவதும் ஒரு செலவே என்பதை 1961-இல் ஜார்ஜ் ஸ்டிக்லர் பொருளியலின் மையத்துக்குக் கொண்டுவந்தார். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1931-இல் வெளியான நூலக அறிவியலின் ஐந்து விதிகளில், வாசகரின் நேரத்தைச் சேமிப்பதை ஒரு விதியாகவே வகுத்துவிட்டார் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன்.

தவறான பரிந்துரையால் ஏமாந்த வாசகர் யாரிடமும் புகார் சொல்வதில்லை. இரண்டு முறை ஏமாந்தால் மூன்றாம் முறை வருவதில்லை, அவ்வளவுதான். எந்தப் பதிவேட்டிலும் இந்த இழப்பு இடம்பெறாது.

வாசகருக்கு வழிகாட்டுவதை ஒரு தனிக் கலையாகவே மேலை நாட்டு நூலகத் துறை வளர்த்திருக்கிறது. அமெரிக்காவின் வூஸ்டர் நகர நூலகரான சாமுவேல் கிரீன், நூலகருக்கும் வாசகருக்கும் இடையிலான நேரடித் தொடர்பின் இன்றியமையாமையை 1876-லேயே எடுத்துரைத்தார். ஜாய்ஸ் சாரிக்ஸ், நான்சி பிரவுன் ஆகியோர் 1989-இல் வெளியிட்ட கையேடு இதில் ஒரு திருப்புமுனை. ஒரு நூல் எதைப் பற்றியது என்பதைவிட, அது வாசகரை எதனால் ஈர்த்தது என்பதையே நூலகர் அறிய வேண்டும் என்றனர் அவர்கள். வேகம், பாத்திரப் படைப்பு, கதைப்போக்கு, பின்னணி என ஈர்ப்புக்கான கூறுகளையும் வகுத்துத் தந்தனர்.

நமக்குப் பழக்கமான ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 'பொன்னியின் செல்வன் போல இன்னொரு புத்தகம் வேண்டும்' என்று ஒருவர் கேட்கிறார். உடனே மற்றொரு சரித்திர நாவலை எடுத்துக் கொடுப்பதே வழக்கம். அவரை ஈர்த்தது சாகசமும் விறுவிறுப்பும் என்றால் சாண்டில்யனின் 'கடல் புறா' பொருந்தும். காவிரிக் கரையின் அழகில் அவர் மயங்கியிருந்தால், சிட்டியும் தி. ஜானகிராமனும் எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' என்ற பயண நூலே அவருக்கு உரியது. சோழர் வரலாற்றின் மீது ஆர்வம் பிறந்திருந்தால் நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்' நூலை நாடலாம். நந்தினியின் மனப்போராட்டத்தில் ஆழ்ந்தவருக்கு 'மோகமுள்' பிடித்துப்போகலாம். கேள்வி ஒன்றுதான், விடைகள் நான்கு. எது சரியான விடை என்பது, 'அதில் உங்களுக்கு எது பிடித்தது?' என்ற எதிர்க்கேள்வியைக் கேட்டால்தான் தெரியும்.

இந்த எதிர்க்கேள்வியைக் கேட்கும் திறனைப் பாடநூலில் இருந்து மட்டும் பெற இயலாது. மருத்துவ மாணவர், மூத்த மருத்துவர் நோயாளியிடம் பேசுவதை அருகிலிருந்து கவனித்துக் கற்கிறார். இளம் வழக்குரைஞர் மூத்தவரின் குறுக்கு விசாரணையைக் கேட்டுப் பழகுகிறார். ஒருவரே எல்லாப் பணிகளையும் பார்க்கும் கிளை நூலகத்தில், நூலகர் யாரைக் கவனித்துக் கற்பது? இந்த இடத்தில்தான் வலையொலி எனப்படும் 'பாட்காஸ்ட்' துணைக்கு வருகிறது.

அமெரிக்காவின் ஆன் போகல் 2016 முதல் நடத்திவரும் 'வாட் ஷுட் ஐ ரீட் நெக்ஸ்ட்?' என்ற வலையொலி இதற்குச் சிறந்த சான்று. விருந்தினராக வரும் வாசகர் தமக்கு மிகவும் பிடித்த மூன்று நூல்களையும், பிடிக்காத ஒரு நூலையும், தாம் இப்போது படித்துக்கொண்டிருப்பதையும் சொல்கிறார். அவை குறித்துப் பேசிய பிறகு, அவர் அடுத்துப் படிக்க மூன்று நூல்கள் பரிந்துரைக்கப்படுகின்றன. இதில் பிடிக்காத நூலைப் பற்றிய கேள்வி மிகவும் நுட்பமானது. பிடித்தவற்றைச் சொல்லும்போது மனிதர்கள் தம்மைப் பற்றிய நல்லெண்ணத்தையும் சேர்த்தே சொல்கிறார்கள். ஒரு புத்தகத்தை ஏன் பாதியில் மூடினோம் என்று விளக்கும்போது உண்மையான விருப்பம் வெளிவந்துவிடுகிறது. மனிதரின் விருப்பத்தை அவர் சொல்வதைவிட அவர் செய்யும் தேர்வே காட்டும் என்று பால் சாமுவேல்சன் 1938-இல் முன்வைத்த கருத்தும் இதற்கு நெருக்கமானதே.

இத்தகைய வலையொலியைப் பொழுதுபோக்காகக் கேட்டால் சில நூல்களின் பெயர்கள் மட்டுமே நினைவில் நிற்கும். பயிற்சியாக்க ஓர் எளிய வழி உண்டு. வாசகர் பேசி முடித்ததும், பரிந்துரை தொடங்கும் முன்பாக ஒலியை நிறுத்திவிட வேண்டும். கேட்ட நூலகர் தம் நூலகத்தில் உள்ளவற்றிலிருந்து மூன்று நூல்களைத் தாளில் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் காரணத்தை ஒரே வரியில் குறிக்க வேண்டும். அதன் பிறகு எஞ்சிய பகுதியைக் கேட்டு, தம் காரணங்களை அவர்களுடைய காரணங்களோடு ஒப்பிட வேண்டும். நூல்கள் வேறுபடுவது இயல்பு. வாசகரின் பேச்சில் எந்தச் சொல்லைத் தவறவிட்டோம் என்பதே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய செய்தி. மாதக் கூட்டத்தில் ஐந்தாறு நூலகர்கள் சேர்ந்து இதைச் செய்தால், ஒரே வாசகரை ஆறு பேர் ஆறு விதமாகப் புரிந்துகொள்வதைக் கண்டு வியப்பார்கள். அந்த வியப்பே நல்ல ஆசான்.

எவராலும் எல்லா நூல்களையும் படிக்க முடியாது. படிக்காத நூலைப் பற்றி நேர்மையாகவும் பயனுள்ள வகையிலும் பேசுவதும் நூலகர் பயில வேண்டியதே. மறக்கப்பட்ட பழைய நூல்களை விவாதிக்கும் பிரிட்டனின் 'பேக்லிஸ்டட்', நியூயார்க் பொது நூலகத்தின் 'தி லைப்ரேரியன் இஸ் இன்' போன்ற வலையொலிகள் இதற்கு உதவும். கதை முழுவதையும் சொல்லிவிடாமல் அதன் தன்மையை இரண்டு வாக்கியங்களில் உணர்த்துவது எப்படி என்பதை அவற்றில் கேட்டு அறியலாம்.

இதில் கவனம் கொள்ள வேண்டியவையும் உண்டு. புகழ்பெற்ற வலையொலிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. அவை பேசும் நூல்கள் பல நம் அலமாரிகளில் இரா. புதிய வெளியீடுகளின் விளம்பர ஓசையும் அவற்றில் கலந்திருக்கும். எனவே, அவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கேள்வி கேட்கும் முறை. நூல்களின் பட்டியலை நாமேதான் உருவாக்க வேண்டும். விற்பனைத் தளங்களின் கணினிப் பரிந்துரை, பலரும் வாங்கியதையே மேலும் பலருக்குக் காட்டும் போக்குடையது. ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்பதை விதியாக வகுத்தவர் ரங்கநாதன். அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும் நூலுக்கு உரிய வாசகரைத் தேடித் தர விற்பனைத் தளத்துக்கு அவசியமில்லை. நூலகருக்கு அது கடமை.

ஆங்கில வலையொலிகளைக் கேட்டுப் பழகிய பின், தமிழில் நாமே இத்தகைய உரையாடல்களைப் பதிவு செய்யலாம். ஒரு நூலகர் வாசகராகவும் மற்றொருவர் வழிகாட்டுபவராகவும் இருபது நிமிடம் பேசினால் போதும். கைப்பேசியே அதற்கான கருவி. உண்மையான வாசகரின் பேச்சை அவருடைய இசைவின்றிப் பதிவு செய்யக் கூடாது. ஒருவர் என்ன படிக்கிறார் என்பது அவருடைய அந்தரங்கம். இப்பயிற்சிக்கான நேரத்தைப் பணிநேரமாகவே கணக்கிட வேண்டும் என்பதும் முக்கியம். வீட்டுக்குச் சென்று கேட்டுக்கொள்ளுங்கள் என்றால் ஒரு மாதத்தில் அது நின்றுவிடும். ஆள் பற்றாக்குறைக்கு இது மாற்றாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பேச நேரமே இல்லாத நூலகருக்குப் பேசும் கலையைக் கற்பித்துப் பயனில்லை.

விடுதலைக்குப் பின் இந்தியாவிலேயே முதலாவதாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியது அன்றைய சென்னை மாகாணம், ஆண்டு 1948. அந்தச் சட்டத்தின் வழியே இன்றும் சொத்து வரியோடு நூலக வரியையும் நாம் செலுத்துகிறோம். அந்தப் பணம் கட்டடமாகிறது, புத்தகமாகிறது. வாங்கப்பட்ட புத்தகம் உரியவரின் கைக்குச் சேராமல் அலமாரியிலேயே பழுத்துப்போனால், பொருளியல் கணக்கில் அது முடங்கிய முதலீடு. அதை மீட்கப் புதிய கட்டடம் தேவையில்லை. மாதத்தில் இரண்டு மணி நேரம், ஒரு கைப்பேசி, ஒரு தாள், ஒரு பேனா ஆகியவற்றைக் கொண்டு ஏதேனும் ஒரு மாவட்டத்தில் ஓராண்டுக்கு இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஆண்டின் முடிவில், இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வந்து புத்தகம் கேட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் பலன் தெரிந்துவிடும்.