அண்டத்தின் இருளும் அதன் வயதும்

கதிரவனின் ஒளியைக் காற்றின் மூலக்கூறுகள் எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதால் பகல் வானம் ஒளிர்கிறது. காற்றில்லாத நிலவிலோ கதிரவன் உச்சியில் நிற்கும்போதும் வானம் கறுத்தே கிடக்கிறது. விண்வெளியின் இருளுக்கு இந்த விளக்கமே போதும் என்று பலர் நின்றுவிடுகின்றனர். ஆனால் இது கதிரவன் ஒன்றைப் பற்றிய விளக்கமே. எண்ணிலடங்கா விண்மீன்கள் இருந்தும் அவற்றுக்கு இடைப்பட்ட வெளி ஏன் இருண்டிருக்கிறது என்னும் ஆழமான வினாவை இது தொடவே இல்லை.

1610இல் கெப்ளர் இவ்வினாவைச் சிந்தித்து, அண்டம் எல்லையுடையது என்ற முடிவுக்கு வந்தார். 1823இல் பிரெமன் நகரத்து மருத்துவரும் வானியலாளருமான ஓல்பர்ஸ் இதை மீண்டும் எழுப்பியதால், இது 'ஓல்பர்ஸ் முரண்' எனப் பெயர் பெற்றது. அண்டம் எல்லையற்றது, அதில் விண்மீன்கள் ஏறத்தாழச் சீராகப் பரவி என்றென்றும் ஒளிர்கின்றன என்று கொண்டு, புவியைச் சுற்றிச் சம தடிமனுள்ள கோள ஓடுகள் அடுத்தடுத்து அமைந்திருப்பதாகக் கருதினால், தொலைவு இருமடங்காகும்போது ஒரு விண்மீனிலிருந்து நம்மை எட்டும் ஒளி நான்கில் ஒன்றாகக் குறைகிறது. அதே வேளையில் அந்த ஓட்டில் உள்ள விண்மீன்களின் எண்ணிக்கை நான்கு மடங்காகிறது. ஆகவே ஒவ்வோர் ஓடும் ஒரே அளவு ஒளியையே அனுப்பும். பரந்த சவுக்குத் தோப்பின் நடுவே நிற்பவரின் பார்வை எத்திசையிலும் ஏதேனும் ஒரு மரத்தில் முட்டுவதைப்போல, வானில் எங்கு நோக்கினாலும் பார்வை ஒரு விண்மீனில் சென்று முடிந்தாக வேண்டும். வானம் முழுவதும் கதிரவனின் முகம்போல் தகிக்க வேண்டும்.

இடையிலுள்ள பொருள் ஒளியை விழுங்கிவிடுகிறது என்றார் ஓல்பர்ஸ். அது நிலைக்கவில்லை, ஒளியை விழுங்கும் பொருள் வெப்பமேறி, விழுங்கிய அளவையே இறுதியில் வெளியிட்டுவிடும் என்பதை ஜான் ஹெர்ஷல் சுட்டிக்காட்டினார். சரியான திசையை 1848இல் முதலில் காட்டியவர்களுள் ஒருவர் எட்கர் ஆலன் போ என்னும் அமெரிக்க இலக்கியவாதி என்பது வியப்புக்குரியது: மிகத் தொலைவிலிருந்து புறப்பட்ட ஒளி இன்னும் நம்மை வந்தடையவில்லை என அவர் கருதினார். 1901இல் கெல்வின் பிரபு அதற்குக் கணித வலுவூட்டினார்.

அண்டத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள். வானை ஒளியால் நிரப்ப விண்மீன்கள் இதைப்போல் பல கோடி மடங்கு காலம் எரிய வேண்டும். கதிரவனைப் போன்ற விண்மீனின் ஆயுளோ 1,000 கோடி ஆண்டுகளே. அண்டம் விரிவதால் தொலைதூர ஒளி மங்குவதையே பல நூல்கள் முதற்காரணமாகக் கூறுகின்றன. அது துணைக்காரணம் மட்டுமே. விரிவு இல்லாவிட்டாலும் இரவு இருண்டே இருக்கும் என்பதை எட்வர்ட் ஹாரிசன் கணக்கிட்டு நிறுவினார்.

எனினும் விரிவின் பங்கு முதன்மை பெறும் இடமும் ஒன்று உண்டு. அண்டம் பிறந்து சுமார் 3,80,000 ஆண்டுகளில், ஏறத்தாழ 3,000 கெல்வின் வெப்பநிலையில், எங்கும் ஒளி நிறைந்திருந்தது. விரிவினால் அதன் அலைநீளம் ஏறக்குறைய 1,100 மடங்கு நீண்டு, இன்று கண்ணுக்குப் புலப்படாத நுண்ணலையாக எல்லாத் திசைகளிலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது. 1964இல் நியூஜெர்சியில் பென்சியாசும் வில்சனும் அதைத் தற்செயலாகக் கண்டறிந்த வரலாறு அடுத்த இதழில் இடம்பெறும்.