ஊரில் மனை வாங்கும் முன் – அங்கீகாரம் பற்றிச் சில குறிப்புகள்

"ஊர்ல ஒரு மனை கிடந்தா அது ஒரு பிடிமானம்" என்று சொல்லாத தமிழர் வெளிமாநிலத்தில் உண்டா? பெங்களூரில் பாத்திரக் கடை வைத்த நானும் 1994-இல் வந்தவாசிப் பக்கம் ஒரு மனை வாங்கினேன். தரகர் வரைபடத்தை விரித்து, "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு நயினாரே, கவலையே வேணாம்" என்றார். முத்திரையைப் பார்த்தேன், நம்பினேன்.

2016 இறுதியில் மகள் திருமணத்துக்காக அதை விற்கப் போனேன். அந்தச் செப்டம்பரில்தான் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லா மனைகளின் பதிவுக்குத் தடை விதித்திருந்தது. வாங்க வந்தவர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார், கொடுத்தேன். வட்டிக்கு வாங்கித்தான் கல்யாணத்தை முடித்தேன். அதற்குப் பிறகு உட்கார்ந்து படித்ததை இங்கே எழுதுகிறேன்.

நிலத்துக்கு ஒப்புதல் என்பது நம்மவர்க்குப் புதிதல்ல. சோழர் காலத்து ஆனைமங்கலச் செப்பேட்டைப் பாருங்கள். அரசாணை வந்ததும் பெண் யானையை எல்லை சுற்றி நடக்க விட்டு, கல்லும் கள்ளியும் நட்டு, நான்கெல்லையும் எழுதி, அதிகாரிகள் கையொப்பமிட்டார்கள். இன்றைக்கு யானை இல்லை, ஃபைல் நடக்கிறது. அது நடக்கும் வழி இதுதான்.

முதலாவது, உரிமை. தாய்ப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, அ-பதிவேடு, புலப்படம் ஆகியவை ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். புறம்போக்கு, கோயில் நிலம், வாய்க்கால் எதுவும் உள்ளே வரக்கூடாது.

இரண்டாவது, நிலப்பயன். முழுமைத் திட்டம் உள்ள ஊரில் அந்தச் சர்வே எண் விவசாய மண்டலத்தில் இருந்தால், முதலில் குடியிருப்பாக மாற்ற வேண்டும். நஞ்சையானால் கூடுதல் விசாரணை உண்டு.

மூன்றாவதுதான் மனைப்பிரிவு ஒப்புதல். இது 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி நடப்பது. சென்னைப் பெருநகர்ப் பகுதியில் சி.எம்.டி.ஏ., மற்ற ஊர்களில் டி.டி.சி.பி. சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். நிலம் 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மீதியில் 10 விழுக்காடு திறந்தவெளிக்காக விட வேண்டும். தொழில்நுட்ப ஒப்புதல் எண் வந்த பிறகே உள்ளாட்சி இறுதி அனுமதி தரும். என் தரகர் காட்டியது இந்தக் கடைசிப் படியை மட்டுமே. அதற்கு முந்தைய படி நடக்கவே இல்லை. ஊராட்சித் தலைவரின் முத்திரை தனியாகச் செல்லாது என்பதை நான் அறியவில்லை.

நான்காவது, ரெரா. 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை, பதிவு எண் இல்லாமல் விளம்பரம் செய்யவோ விற்கவோ கூடாது. வாங்குவோர் கட்டும் பணத்தில் 70 விழுக்காடு தனிக் கணக்கில் இருக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தம் பதிவாகாமல் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது.

என் மனை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 20-10-2016-க்கு முன் விற்கப்பட்ட மனைகளுக்காக 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. முதலில் மொத்த மனைப்பிரிவுக்கும் ஒப்புதல் ஆக வேண்டும், பிறகுதான் தனித்தனி மனைக்கு. பக்கத்து மனைக்காரர்களைத் தேடிப் பிடித்து, கட்டணம் கட்டி, ஊருக்கு ஐந்து தடவை போய்வந்தேன். காகிதம் கைக்கு வரும்போது பேரன் பிறந்துவிட்டான்.

நாம் ஊருக்குப் போவது பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும்தான். தரகரும் அந்த இரண்டு நாளில்தான் அவசரப்படுத்துவார். கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்புதல் எண், தானப்பத்திர எண், ரெரா எண் ஆகிய மூன்றையும் எழுதி வாங்கிக்கொண்டு வண்டி ஏறுங்கள். ரெரா எண்ணை இணையத்தில் உங்கள் பிள்ளைகளே பார்த்துச் சொல்வார்கள். மற்ற இரண்டையும் ஊரில் ஒரு வக்கீலிடம் கொடுத்துச் சரிபாருங்கள். அதுவரை பணம் வங்கியிலேயே இருக்கட்டும்.