சஷ்டி விரதமா? இனிப்புநீர் மருந்து எடுப்பவர்கள் முதலில் கிளினிக்கில் கேளுங்கள்

தீபாவளிப் பலகாரம் தீர்வதற்குள் கந்த சஷ்டி வந்துவிடும். ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கி சூரசம்ஹாரம் வரை 6 நாள்கள். ஒருவேளை உணவு, பாலும் பழமும், சிலருக்கு வெறும் தண்ணீர் என்று அவரவர் வழக்கப்படி விரதம் இருக்கிறோம்.

உடல்நலத்தோடு இருப்பவர்கள் சில வேளை சாப்பிடாமல் இருந்தால் உடல் சமாளித்துக்கொள்ளும். கல்லீரல் தன்னிடம் சேர்த்து வைத்துள்ள சர்க்கரையை இரத்தத்தில் விடும். ஏறக்குறைய ஒரு நாளில் அந்த இருப்பு குறைந்ததும், உடல் கொழுப்பைக் கரைத்துச் சக்தி எடுக்கும். லேசான தலைவலியும் சோர்வும் வரலாம்.

சிக்கல் இனிப்புநீர் உள்ளவர்களுக்குத்தான். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடமே அது அதிகம்.

இன்சுலின் ஊசியும் கிளிக்கிளாசைட் போன்ற மாத்திரைகளும், நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்ப்பதில்லை. சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே போகும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். இதைச் சாமி வந்ததாகவோ விரதக் களைப்பாகவோ நினைத்து விட்டுவிடக் கூடாது. அளவு 4-க்குக் கீழே இறங்கினால் விரதத்தை உடனே முடித்துவிட வேண்டும். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 999-ஐ அழையுங்கள்.

இதற்குப் பயந்து மருந்தை நாமே நிறுத்துவதும் ஆபத்து. சர்க்கரை ஏறிவிடும். மாலையில் விரதம் முடித்ததும் கேசரி, பாயாசம் என்று ஒரே நேரத்தில் சாப்பிட்டாலும் அதே நிலைதான்.

நோன்பு மாதத்திற்கு முன் முஸ்லிம் நோயாளிகள் மருத்துவரைக் கண்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்கிறார்கள். நாமும் சஷ்டிக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன் அப்படிக் கேட்கலாம். "எத்தனை நாள், எத்தனை மணி நேரம், தண்ணீர் குடிப்பேனா" என்ற மூன்றையும் தெளிவாகச் சொல்லுங்கள். மருந்து அட்டையையும் கொண்டு போங்கள்.

சிறுநீரக நோயாளிகள், கர்ப்பிணிகள் ஆகியோரும் கேட்காமல் தொடங்க வேண்டாம். முழுப் பட்டினி கூடாது என்று மருத்துவர் சொன்னால், அளவான சைவ உணவோடு இருப்பதும் விரதம்தான்.