உறுமிய மோட்டார், ஓடாத கார்

"அப்பா, உறுமுது... ஆனா ஓடேல்லை" என்றாள் மகள். சூரிச்சில் பனி கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு மேசை முழுக்கத் திருகாணிகள். எங்கள் இருவருக்குமே அதுதான் முதல் ரிமோட் கார் கிட். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் முனகியது, சக்கரம் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் மோட்டாரில் கை வைக்க முடியாத சூடு.

பிழை என்னுடையது. மோட்டார் அச்சில் இருக்கும் குட்டிப் பல்சக்கரத்தைப் பினியன் என்பார்கள். அது பெரிய பல்சக்கரத்தோடு இறுக ஒட்டியிருந்தால்தான் சக்தி சிந்தாமல் போய்ச் சேரும் என்று நினைத்து, மோட்டாரை நெருக்கித் தள்ளிப் பூட்டியிருந்தேன். இரண்டும் கடித்துக்கொண்டு நின்றுவிட்டன.

நின்றது சரி, ஏன் சுட வேண்டும்? சுற்றும் மோட்டார் தனக்குள்ளேயே ஒரு டைனமோவும்கூட. காந்தப்புலத்தில் சுழலும் கம்பிச்சுருளில் ஓர் எதிர் மின்னழுத்தம் பிறக்கிறது. பற்றரியிலிருந்து வரும் மின்னோட்டத்துக்கு அதுதான் கடிவாளம். அச்சைச் சுற்றவிடாமல் பிடித்தால் கடிவாளம் அறுந்துபோகும். மின்னோட்டம் எக்கச்சக்கமாகப் பாயும், அத்தனையும் வெப்பமாகும். சுவரில் முட்டி நிற்கும் காருக்கு விசையை அழுத்திக்கொண்டே இருக்கும் பிள்ளைகள் மோட்டாரைக் கருக்குவது இப்படித்தான்.

கிட்டில் வரும் சிறு மோட்டார் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் போகும். ஆனால் அதன் முறுக்கு விசை அற்பம், விரலால் நிறுத்திவிடலாம். 12 பல் பினியன் 60 பல் சக்கரத்தைச் சுழற்றினால் வேகம் ஐந்தில் ஒன்றாகக் குறையும், முறுக்கு விசை ஏறத்தாழ ஐந்து மடங்காகும். வேகத்தைக் கொடுத்துப் பலத்தை வாங்கும் பண்டமாற்று.

இந்தப் பண்டமாற்றின் உச்சத்தைப் பார்க்க, இங்கிருந்து தெற்கே ஒப்வால்டன் மாநிலத்திலுள்ள சாக்சல்ன் ஊரை நினைக்க வேண்டும். சார்னன் ஏரிக்கரையில், புனிதர் நிக்லவுஸின் கல்லறையைத் தேடி யாத்திரிகர் வரும் சிற்றூர். மாக்சன் என்ற மோட்டார் நிறுவனம் இருப்பதும் அங்கேதான். 1961இல் தொடங்கியபோது மின்சார ஷேவருக்கு உதிரிகள் செய்துகொண்டிருந்தவர்கள்.

1997 ஜூலை 4ஆம் தேதி செவ்வாயில் இறங்கிய நாசாவின் சொஜர்னர் ஊர்தியில் இருந்தவை இவர்களது 11 மோட்டார்கள்: சக்கரங்களுக்கு ஆறு, திருப்புவதற்கு நான்கு, கருவி ஒன்றை நீட்டி மடக்க ஒன்று. ஒவ்வொன்றும் 16 மில்லிமீட்டர் தடிப்பு. ஊர்தியின் எடையும் பத்துக் கிலோ சொச்சம்தான். பெரிய பொம்மைக் கார் என்றே சொல்லலாம். அதன் பல்சக்கரக் குறைப்பு 2000க்கு 1. சக்கரத்தின் விட்டம் 13 சென்டிமீட்டர், உச்ச வேகம் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர். கணக்குப் போட்டால், சக்கரம் ஒருமுறை சுற்றி முடிக்க 40 நொடி. அதற்குள் மோட்டார் 2000 தடவை சுற்றிவிடும். ஏழு நாள் உழைத்தால் போதும் என்று அனுப்பிய ஊர்தி 83 செவ்வாய் நாட்கள் உழைத்தது.

கிட் மோட்டாரின் அச்சை விரலால் மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு சுற்றுக்குள் ஆறு இடத்தில் தடுக்கும். சுருளுக்குள் இருக்கும் இரும்பைக் காந்தம் பிடித்து இழுக்கும் தடுக்கல் அது. சொஜர்னரில் போனவை போன்ற சாக்சல்ன் மோட்டார்களில் சுருளுக்குள் இரும்பு இல்லை. செம்புக் கம்பியையே கிண்ணம்போல் பின்னி, காந்தத்தை அதன் நடுவே வைத்துவிடுகிறார்கள். அச்சு வழுக்கிக்கொண்டு சுற்றும்.

எங்கள் காருக்கு மருந்து ஒரு கடதாசித் துண்டு. மோட்டார் திருகாணிகளைத் தளர்த்தி, இரண்டு பல்சக்கரங்களுக்கும் நடுவே மெல்லிய கடதாசியைக் கொடுத்து, அதோடு சேர்த்து நெருக்கிப் பூட்டினோம். பிறகு சக்கரத்தைக் கையால் உருட்ட, கடதாசி ஏணிப்படிபோல மடிந்து வெளியே வந்தது. அந்தக் கடதாசித் தடிப்புத்தான் பற்களுக்கு வேண்டிய இடைவெளி. அது கிழிந்து வந்தால் இறுக்கம் அதிகம்.

மகள் விசையை அழுத்தினாள். கார் விருந்தறையைத் தாண்டி சோபாவுக்கு அடியில் போய் முட்டியது.

"விசையை விடு, விடு" என்று கத்தினேன்.