கதையில் வரும் இலாகாக்கள்

கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் காக்கநாட்டில் உள்ளது. மனுவும் கையுமாக நம்மவர் அங்கே நிற்பது புதிதன்று. கதாசிரியர் ஒருவர் அங்குள்ள அலுவலகம் ஒன்றைப் பெயர் சொல்லிக் குறை கூறினால், நேர்மையான குமாஸ்தாவும் பழிக்கு ஆளாவார். ஆகவே அவர் இல்லாத இலாகா ஒன்றைப் படைக்கிறார்.

சார்லஸ் டிக்கன்ஸ் 1855 முதல் 1857 வரை வெளியிட்ட ‘லிட்டில் டாரிட்’ என்னும் ஆங்கில நாவலில் அத்தகைய அலுவலகம் ஒன்று வருகிறது. ‘சுற்றிவளைப்பு அலுவலகம்’ என நாம் தமிழாக்கலாம். எக்காரியத்தையும் செய்யாதிருப்பது எப்படி என்பதே அதன் கலை. கிரிமியப் போரில் பிரிட்டிஷ் நிர்வாகத்தின் சீர்கேடு வெளிப்பட்ட காலம் அது. வாசகருக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

‘லஞ்ச இலாகா’ என்று பெயரிட்டால் சிரிப்பு பெயரோடு தீர்ந்துவிடும். பெயர் கண்ணியமாகவும் வேலை தலைகீழாகவும் இருத்தல் வேண்டும். ஜார்ஜ் ஆர்வெல் 1949-இல் படைத்த ‘உண்மை அமைச்சகம்’ பொய்யை உற்பத்தி செய்யும் இடம்.

நமக்கோ யமலோகமே ஓர் இலாகா. கணக்கெழுதச் சித்திரகுப்தன் இருக்கிறான். இந்தி எழுத்தாளர் ஹரிசங்கர் பர்சாயி ‘போலாராமின் ஜீவன்’ என்ற கதையில் அதையே எடுத்தாண்டார். ஓய்வுபெற்ற ஊழியர் இறக்கிறார். உயிர் மட்டும் யமலோகம் வந்து சேரவில்லை. தேடிவந்த நாரதரிடம், மனுவின் மேல் ‘கனம்’ வைக்கச் சொல்கிறார்கள். அவர் வீணையையே வைக்கிறார். நம்மில் பலர் அறிந்த கனம்தான். அப்போது கோப்புக்குள்ளிருந்து ஒரு குரல்: பென்ஷன் உத்தரவு வந்துவிட்டதா? சொர்க்கத்துக்கு அழைத்தும் அந்த உயிர் வர மறுக்கிறது.