பழைய காருக்கு வேறு சீட்டா? மெத்தையை அமுக்கும் முன் போல்ட்டைப் பாருங்கள்!

மாருதி 800 உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. ஆனாலும் பல வீடுகளில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்ஜினில் குறை இருக்காது. டிரைவர் சீட் மட்டும் பள்ளம் விழுந்து, அரை மணி நேரம் ஓட்டினாலே இடுப்பு பிடித்துக்கொள்ளும். 'புதுப்பேட்டையில் நல்ல சீட்டா பார்த்து மாத்திடலாமே' என்ற யோசனை அப்போதுதான் வரும்.

சென்னை புதுப்பேட்டையில், உடைப்புக்குப் போன கார்களிலிருந்து கழற்றிய சீட்டுகள் கிடைக்கும். வாங்கப் போகிறவர்கள் முதலில் மெத்தையை அமுக்கிப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அடிப்பாகத்தை!

20 மடங்கு விசை

மோதலின்போது சீட் தன் எடையைப் போல 20 மடங்கு விசையைத் தாங்க வேண்டும் என்கிறது அமெரிக்கப் பாதுகாப்பு விதி. 15 கிலோ சீட் என்றால் 300 கிலோ! பெல்ட்டின் பக்கிளும் சீட்டிலேயே இருந்தால், ஆளின் சுமையும் அதே போல்ட்டுகளில்தான் விழும். பழைய கார்கள் பலவற்றில் பக்கிள் தரையில் இருக்கும். புதிய கார்கள் பலவற்றில் சீட்டோடு இருக்கும். அதனால் புதிய கார் சீட்டைப் பழைய காரில் மாட்டும்போது இதை அவசியம் கவனியுங்கள்.

வாங்கும் முன்...

* உங்கள் கார் தரையில் உள்ள போல்ட் துளைகளின் இடைவெளியை, நீளம் அகலம் இரண்டிலும் அளந்து குறித்துக்கொண்டு போங்கள்.

* சீட்டை முன்னும் பின்னும் தள்ளுங்கள். இரண்டு பக்க ரயிலும் ஒருசேர லாக் ஆக வேண்டும்.

* ஃபிரேம் வளைந்திருந்தாலோ, வெல்டிங் ஒட்டு தெரிந்தாலோ வேண்டாம். அது விபத்தில் சிக்கிய காரின் சீட்டாக இருக்கலாம்.

* சீட்டின் பக்கவாட்டில் 'ஏர்பேக்' என்ற எழுத்தோ, அடியில் மஞ்சள் கனெக்டரோ இருந்தால் தொடாதீர்கள். உள்ளே வெடிக்காத ஏர்பேக் இருக்கலாம்.

மாட்டும்போது...

துளை பொருந்தவில்லை என்று தகரத் தரையில் புதிதாக ஓட்டை போட்டு, வாஷர் வைத்து முடுக்குவது ஆபத்து. மோதலில் போல்ட் தரையைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். பின்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் அதனால் ஆபத்துதான். ஆர்.சி.யில் உள்ள இருக்கை எண்ணிக்கையையும் மாற்றாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு அதை அனுமதிப்பதில்லை.

இத்தனையும் ஒத்துவரவில்லையா? பழைய ஃபிரேம் உறுதியாக இருந்தால், குஷன் கடையில் ஸ்பாஞ்சையும் கவரையும் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். இடுப்பு வலிக்குப் பெரும்பாலும் அதுவே போதும்.