முடிவைச் சொல்லாமல் அரட்டை அடிப்பது எப்படி?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே செய்திடும் வேலைகளில் ஒன்று, வாட்ஸ்அப்பை அதில் திறந்து வைத்துக் கொள்வது. பெரிய கீபோர்டு, பெரிய திரை. சினிமா, நாவல் என்று நண்பர்களோடு மணிக்கணக்கில் அரட்டை அடிக்கலாம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதில் என் அக்கா மகளுக்கு நான் செய்த அநியாயத்தைச் சொன்னால், உங்களில் சிலராவது அதிலிருந்து தப்பிப்பீர்கள்.

2022 ஆகஸ்ட் மாதம். மணிரத்னத்தின் "பொன்னியின் செல்வன்" முதல் பாகம் செப்டம்பர் 30ல் வெளிவர இருந்தது. எங்கள் குரூப்பில் இரவு பகலாக இதே பேச்சு. கல்கி 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக எழுதிய ஐந்து பாக நாவல் இது. என்னைப் போன்றவர்கள் மூன்று நான்கு முறை படித்தவர்கள். அக்கா மகளோ முதல் முறையாக, படம் வருமுன் முடித்துவிட வேண்டும் என்று கல்லூரி பஸ்ஸில் படித்துக் கொண்டிருந்தாள். நான்காம் பாகத்தில் பாதி வரை வந்திருந்தாள்.

கதையின் திருப்பத்தையோ முடிவையோ, அதை இன்னும் அறியாதவருக்கு முன்கூட்டியே போட்டு உடைப்பதற்கு ஸ்பாய்லர் என்று பெயர். எனக்கு இது தெரியும். அதனால் முறையாக, மேலே ஒரு எச்சரிக்கை, பிறகு பத்து வெற்று வரிகள், அதன் கீழே விஷயம் என்று அனுப்பத் திட்டமிட்டேன். "ஐந்தாம் பாக ரகசியம், படிக்காதவர்கள் தாண்டிச் செல்லவும்" என்று டைப் செய்து என்டர் தட்டினேன். என் போனில் என்டர் தட்டினால் அடுத்த வரி வரும். கம்ப்யூட்டரிலோ, வழக்கமான அமைப்பில், என்டர் என்றால் "அனுப்பு" என்று பொருள்! எச்சரிக்கை மட்டும் தனியே போய்விட்டது. நான் கவனிக்கவில்லை. வெற்று வரிகளுக்காக மேலும் பத்து முறை தட்டிவிட்டு, ரகசியத்தை ஒரே வரியில் டைப் செய்து மீண்டும் என்டர்.

அந்த ஒரு வரி அவளுடைய போனின் பூட்டிய திரையில் போய் நின்றது. குரூப்பைத் திறக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அரை நிமிடத்தில் எல்லோருக்கும் அழியும்படி டெலீட் செய்தேன். அதற்குள் பதில் வந்துவிட்டது: "மாமா, உங்களை யார் கேட்டது?" அன்று மூடிய புத்தகத்தை அவள் அந்த ஆண்டு முழுவதும் திறக்கவில்லை.

எனவே முதல் பாடம் கீபோர்டில்தான். கம்ப்யூட்டரில் அடுத்த வரிக்குச் செல்ல ஷிப்ட் கீயை அழுத்திக் கொண்டு என்டர் தட்டுங்கள். வரிகளை வெறுமையாக விடாமல் ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி வைத்திடுங்கள். நீளமான செய்தி என்றால் "ரீட் மோர்" என்று பாதியிலேயே மடிந்து நிற்கும். நமக்கு அதுவும் நல்லதே. எச்சரிக்கையில் "ஸ்பாய்லர்" என்று மொட்டையாக எழுதுவதில் பயனில்லை. எந்தக் கதை, எத்தனாவது பாகம் வரை என்று எழுதினால்தான் படிப்பவர் முடிவெடுக்க முடியும்.

டெலிகிராமில் இந்த அவஸ்தை இல்லை. 2021 டிசம்பரில் இதற்கென்றே ஒரு வசதி தந்தார்கள். மறைக்க வேண்டிய சொற்களுக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு செங்குத்துக் கோடுகள் போட்டு அனுப்புங்கள். (கீபோர்டில் என்டருக்கு அருகே, பின்சாய்வுக் கோடு இருக்கும் அதே கீயில் ஷிப்ட்டுடன் கிடைக்கும்.) அந்தச் சொற்கள் புள்ளிகளாக மினுங்கும், கிளிக் செய்தால்தான் தெரியும். டிஸ்கார்டிலும் இதே கோடுகள்தான்.

இதெல்லாம் புதிய கவலை இல்லை. 1980களில் யூஸ்நெட்டில் உரையாடியவர்கள், ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் பதிலாக அதிலிருந்து 13 இடம் தள்ளியுள்ள எழுத்தைப் போட்டு முடிவை மறைத்தார்கள். மொத்தம் 26 எழுத்துகள் என்பதால், இன்னொரு முறை 13 தள்ளினால் பழைய வாக்கியம் திரும்பக் கிடைத்துவிடும். நம் 247ஐ வைத்துக்கொண்டு இந்த விளையாட்டு ஆட முடியாது!

ஆனால் எந்த வசதியாலும் மறைக்க முடியாதது ஜாடைப் பேச்சு. "நான் எதையும் சொல்லவில்லை, ஆனால் அவரை மட்டும் நம்பாதே" என்பார் ஒருவர். "கடைசிக் காட்சியில் அவர் பேசுவதைக் கேளுங்கள்" என்பார் இன்னொருவர். அவர் கடைசி வரை உயிரோடு இருக்கிறார் என்பது தெரிந்துவிட்டதே! படத்தின் இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28ல்தான் வந்தது. இடையில் இருந்த ஏழு மாதங்களில், "நாவலில் இப்படி இல்லையே" என்று தொடங்கியவர்கள் கெடுத்தது கொஞ்சமல்ல. புத்தகம் படிக்காமல் படம் மட்டும் பார்த்தவர்களும் குரூப்பில் இருக்கிறார்கள் என்பதை நாங்கள் மறந்தே போனோம்.

"எழுபது வருடக் கதைக்கு என்ன ரகசியம்?" என்று கேட்பவர்கள் உண்டு. நானும் கேட்டவன்தான். இப்போது ஒப்புக்கொள்ள மாட்டேன். நாவலுக்கு வயது எழுபது. அவள் அதைக் கையில் எடுத்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அகதா கிறிஸ்டியின் "தி மவுஸ்டிராப்" நாடகம் லண்டனில் 1952ல் தொடங்கியது. குற்றவாளி யார் என்பதை வெளியில் சொல்ல வேண்டாம் என்று நாடகம் முடிந்ததும் பார்வையாளர்களைக் கேட்டுக் கொள்வது அங்கே வழக்கம். அந்த நாடகமும் அதே வயதுதான்.

படித்துக் கொண்டிருப்பவரும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்கலாம். கதை முடியும்வரை குரூப்பை மியூட் செய்திடுங்கள். அப்போதும் பட்டியலில் கடைசி வரி தெரியும் என்பதால், ஆர்க்கைவ் செய்துவிடுவது இன்னும் நல்லது.

அக்கா மகள் ஐந்தாம் பாகத்தைப் பிறகு படித்து முடித்துவிட்டாள். இப்போது நாங்கள் இருவரும் வேறொரு துப்பறியும் நாவல் படிக்கிறோம், அவள் வேகம். போன வாரம் டெலிகிராமில் அவளிடமிருந்து ஒரு செய்தி. "மாமா, 22ஆம் அத்தியாயம்" என்பதற்குக் கீழே நான்கு வரிக்கு வெறும் புள்ளிகள் மினுங்குகின்றன. நான் இன்னும் 15ல்தான் இருக்கிறேன்.